நாலு விரலுக்கு நாலு வேலை

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குள் தள்ளிவிட்டார்கள். எண்பத்தெட்டாம் வருடம் அது. தருமபுரி மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலை, அதில் கரும்புப் பிரிவு, அந்தப் பிரிவில் தினச்சம்பளத்துக்கு ஒரு டைப்பிஸ்ட். அந்த டைப்பிஸ்ட் நான். "இந்த சீசன் முடியட்டும், ஒன்ன பர்மனெண்ட் பண்ணிடலாம்" என்று மூன்று சீசனாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் மூன்று சீசனாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் வந்ததும் அதற்கென்று ஓர் அறையைக் கண்ணாடி வைத்து அடைத்து, ஏசி மாட்டி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மேலாளர் அறைக்கே செருப்போடு போகலாம். இங்கே கூடாது. எங்கள் கரும்பு அதிகாரி முதல் நாளே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாத்துத் தொடு. ஒடஞ்சா ஒன்ன வித்தாலும் பத்தாது" என்றார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் என் உள்ளங்கை வேர்க்கும். ஊரில் மற்றவர்களுக்கு ஏசியில் வேர்வை அடங்கும். எனக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு பட்டியல். அதைச் சொல்லாவிட்டால் நான் எதற்காக நடுங்கினேன் என்பது புரியாது. கரும்பு நட்டவர்கள் நட்ட தேதியை ஆலையில் பதிவு செய்வார்கள். யார் முன்னே நட்டார்களோ அவர்களுக்கு முன்னே வெட்டும் முறை வரும். முறை வந்தால்தான் கட்டிங் ஆர்டர். ஆர்டர் இல்லாமல் வெட்டினால் ஆலை எடுத்துக்கொள்ளாது. வெட்டாமல் வயலிலேயே விட்டால் கரும்பு பூவெடுத்து, இலைச் சோகை காய்ந்து, எடை இறங்கிப்போகும். ஒரு குடும்பத்தின் ஒரு வருடப் பாடு அந்தப் பட்டியலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்பதில் இருந்தது. அதுவரை தடித்தடியான பதிவேடுகளில் கிடந்த அந்த வரிகளை, நடவுப் பதிவு வர வர, ஏழு மாதம் உட்கார்ந்து நான்தான் உள்ளே ஏற்றினேன்.

ஏற்றுவது சுலபம். அந்தப் புரோகிராமைத் திறப்பதுதான் பெரும்பாடு. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு பச்சைக் கோடு மினுக் மினுக்கென்று கண்ணடிக்கும். எந்த டிரைவ், எந்த டைரக்டரி, நடுவில் இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, பிறகு புரோகிராமின் பெயர் என்று ஒரு முழ நீளத்துக்கு அடிக்க வேண்டும். இடைவெளி ஒன்று கூடினாலும் 'பேட் கமாண்ட்' என்று எழுதிக் காட்டும். நான் அந்த முழ நீளத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் முன்கையில் எழுதி வைத்திருந்தேன். வேர்வையில் அது அழிந்துபோகும். பயத்தில் தப்பாக அடிப்பேன். தப்பாக அடித்தால் சில புரோகிராம்களில் 'பீப்' என்று ஒரு சத்தமும் வரும். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் விவசாயிகள் அதைக் கேட்டுவிட்டு விசாரிப்பார்கள்.

"என்னாப்பா, வையுதா?"

"ஆமாங்க, வையுது."

"பெரியவங்கள மாதிரி இருக்குது. கேட்டுக்க."

மாதம் ஒரு முறை மெட்ராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் வருவார். என்னைவிட இளையவர். ஆனால் நான்தான் அவரை சார் என்பேன். என் முன்கையைப் பார்த்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்கா கையில பச்ச குத்தி வெச்சிருக்கீங்க? ஒரே எழுத்துல தொறக்கற மாதிரி பண்ணித் தரேன். மிஷினைப் போட்டதும் மெனு வரும். ஒரு கீயைத் தொட்டா போதும். என்டர்கூட அடிக்க வேணாம்."

மனிதர் தெய்வமாகத் தெரிந்தார். எந்தெந்த எழுத்து வேண்டும் என்று கேட்டார். இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

இன்ஸ்டிட்யூட்டில் டைப் படித்தவர்களுக்குத் தெரியும். விரல்களுக்கு இடம் உண்டு. இடது கைச் சுண்டுவிரல் ஏ மேல், மோதிர விரல் எஸ், நடுவிரல் டி, ஆள்காட்டி விரல் எஃப். அந்த இடத்தை விட்டுக் கை எழும்பினால் எங்கள் வாத்தியார் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். ஆகவே நான் சொன்னேன்: ஏ-க்குப் பதிவு பார்ப்பது, எஸ்-க்குக் கட்டிங் ஆர்டர், டி-க்குப் பிரிண்ட், எஃப்-க்குப் புது சீசன். நாலு விரலுக்கு நாலு வேலை. கையை நகர்த்தவே வேண்டியதில்லை.

இன்ஜினியர் யோசித்தார். "எஃப் வேணாம். புது சீசன் வருஷத்துக்கு ஒரு தடவதானே? அதைத் தொறந்தா பழைய லிஸ்ட் மொத்தமும் அழிஞ்சு காலியா நிக்கும். தள்ளி எங்கயாவது ஒரு மூலைல வெச்சுடறேன்."

"நாலு வெரலு இருக்குதுங்களே. ஒண்ணு மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்குது?"

அது மட்டுமில்லை. ஒவ்வொரு புரோகிராமும் திறக்கும்போது 'நிச்சயமா?' என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மூன்றாவது தடவையாக வேலையைப் பற்றிக் கேட்கும் மாமனார் போல. அதையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"அது பிரேக் மாதிரி ஆச்சே."

"பிரேக்கப் புடிச்சுக்கிட்டே இருந்தா வண்டி எப்படிங்க போவும்?" என்றேன். இவ்வளவு புத்திசாலித்தனமான பேச்சை அதற்கு முன்னும் பின்னும் நான் பேசியதில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு எடுத்துவிட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் எனக்கு ராஜ வாழ்க்கை. அதிகாரி விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "ஒத்த வெரல்ல தொறக்கறான் பாருங்க" என்று காட்டுவார். நான் விரலை உயரத் தூக்கி, நாதஸ்வரக்காரர் மாதிரி ஒரு சுழற்று சுழற்றி இறக்குவேன். பட்டியல் குதித்து வரும்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். புருஷன் இல்லை. ஒரே ஒரு ஏக்கர் கரும்பு. போன சீசனில் முறை தள்ளிப்போய் பாதிக் கரும்பு காய்ந்து நின்ற ஆத்திரம் அவருக்கு அடங்கவே இல்லை. வாராவாரம் வந்து கண்ணாடி வழியாக, "என் வரி எங்க கெடக்குது, பாரு" என்பார். நான் தொட்டுக் காட்டுவேன். ஒரு தடவை வெகுநேரம் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒத்த வெரலு வச்சா வருது. ஒத்த வெரலு வச்சா போயிருமா?"

"அதெல்லாம் போவாதுங்கம்மா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. அடுத்த திங்கட்கிழமை முறைப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என்று முடிவாகியிருந்தது. செவ்வாய் முதல் கட்டிங் ஆர்டர். அதிகாரி விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். பழைய பதிவேடுகள் பைண்டிங்குக்காகச் சேலம் போயிருந்தன. பைண்டிங் கடைக்காரர் அவற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பூஜை கொண்டாடி, அடுத்த வாரம்தான் திறப்பதாகச் சொல்லியிருந்தார்.

பூஜையை நடத்துவது எங்கள் அட்டெண்டர் அண்ணன். ரிட்டயர் ஆக ஒரு வருடம் இருந்தது அவருக்கு. எடை மேடை, ஜீப், சைக்கிள், ஸ்டேப்ளர் என்று எதையும் விடமாட்டார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அன்றைக்குக் கம்ப்யூட்டருக்கும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் பொரி கடலைப் பொட்டலம் கொடுத்தார். மிஷினின் மேல் துண்டைப் போர்த்தி மூடிவிட்டுக் கிளம்பினோம். ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு.

மறுநாள் விஜயதசமி. விடுமுறைதான் என்றாலும் நல்ல நேரத்தில் மிஷினை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது ஆலை வழக்கம். அதற்காக நானும் அட்டெண்டர் அண்ணனும் மட்டும் காலையிலேயே வந்தோம். துண்டை எடுத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. எழுத்துகள் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஹையர் பாஸ் அல்லவா. சுவிட்சைப் போட்டேன். மெனு வந்தது. அண்ணன் கற்பூரம் காட்டினார்.

டைப் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மிஷினில் உட்கார்ந்தாலும், வேலையை ஆரம்பிக்கும் முன் முதல் பாடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். ஏ, எஸ், டி, எஃப். சமையற்காரர் கரண்டியைத் தட்டிப் பார்ப்பது போல. விரல் தானாகவே செய்யும், புத்தியைக் கேட்காது. கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு மெனுவுக்குப் பயந்து அதை நிறுத்தியிருந்தேன். ஆனால் அன்று விஜயதசமி. முதல் பாடத்தை எழுதும் நாள். கற்பூர வாசனை வேறு. விரல்கள் கிளம்பிவிட்டன.

ஏ இறங்கவில்லை. சந்தனம் கெட்டியாகப் பிடித்திருந்தது. எஸ் இறங்கவில்லை. டி இறங்கவில்லை. எஃப் இறங்கியது.

திரை ஒரு நொடி கறுத்தது. பிறகு ஒரு வரி வந்தது. புது சீசன் திறக்கப்பட்டது, பதிவுகள் பூஜ்யம்.

நான் அதைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். ஆங்கிலம் எனக்குச் சுமாராகத்தான் வரும் என்பதால் மூன்றாவது தடவையும் படித்தேன். பூஜ்யம் எந்த மொழியிலும் பூஜ்யமாகத்தான் இருந்தது. என் காதுக்குள் ஏதோ ரீங்காரம் இட்டது. ஏசி ஓடும் சத்தம் என்று நினைத்தேன். ஏசியை அன்று போடவே இல்லை.

"நல்லா ஓடுதா தம்பி?" என்றார் அண்ணன், கற்பூரத் தட்டோடு.

"அண்ணா, இந்த மூணுக்கு மட்டும் என்னத்துக்கு இவ்வளவு சந்தனம்?"

"நீ எப்பவும் அந்த மூணத்தான தட்டுற? பாவம், அதுங்கதான ஒழைக்குதுங்க. கொஞ்சம் தாராளமா வெச்சேன். அந்தக் கடைசி ஒண்ணு சும்மாதான இருக்குது, அதுக்கு ஒரு புள்ளி போதும்னு உட்டுட்டேன்."

உழைப்பவர்களுக்கு மரியாதை செய்திருந்தார். அதில் என்ன குறை சொல்வது?

இன்ஜினியர் ஒரு ஃப்ளாப்பியில் பட்டியலை நகல் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் எடுத்தும் வைத்திருந்தேன். சோம்பேறியான எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். மேஜை மேல் கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்தேன். கறுப்பு அட்டையின் நடுவில், பழுப்பு நிறத் தகடு வெளியே தெரியும் அந்த நீளத் துவாரத்தில், விபூதிப் பட்டை போல மூன்று கோடு சந்தனம். அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு. லட்சணமாக இருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். தகட்டின் பழுப்புப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வேலை போய்விடும் என்பது முதலில் தோன்றியது. அடுத்ததாகக் கண்ணாடிக்கு வெளியே நிற்கப்போகும் கூட்டம் தோன்றியது. பட்டியல் இல்லையென்றால் வெட்டும் முறை இல்லை. யார் சத்தம் பெரிதோ அவர் கரும்பு முதலில் வெட்டப்படும். சத்தம் இல்லாதவர்களுடையது காயும்.

அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் வெச்ச பொட்டுலயா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குள் ஓர் எண்ணம் ஓடியதை இங்கே எழுதிவிட வேண்டும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன? சந்தனம் அவர் வைத்தது. ஃப்ளாப்பியில் பூசியதும் அவர். நான் தப்பித்துவிடலாம். அந்த எண்ணம் ஒரு நிமிடத்துக்கும் மேல் எனக்குள் உட்கார்ந்திருந்தது. பிறகும் போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் பிரிண்ட் ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் முன்பு அதிகாரிக்குக் காட்டுவதற்காகப் பட்டியல் முழுவதையும் ஒரு தடவை அச்செடுத்திருந்தேன். இருபது பக்கம். எங்கே அது?

"அண்ணா, அந்தப் பெரிய பேப்பரு? ஓரத்துல ஓட்ட ஓட்டயா இருக்குமே?"

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். "ஒரு பக்கம் வெள்ளையா, மொழமொழன்னு நல்லாத்தான இருந்துச்சு. ஒண்ண ரெண்டாக் கிழிச்சா ஒரு பொட்டலம் கட்ட சரியா இருந்துது."

என் பட்டியல் நாற்பது பொரிப் பொட்டலமாக ஊருக்குப் போயிருந்தது.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமையும் நான் செய்த வேலையை எந்த அலுவலகத்திலும் எந்த டைப்பிஸ்டும் செய்திருக்க மாட்டான். குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய் பொரிப் பொட்டலம் கேட்டேன். காரணம் சொல்லப் பயம். சொன்னால் அதிகாரிக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

"குடுத்த பொரியத் திருப்பிக் கேக்கறதுக்கு ஆலையில ஆளு போட்டிருக்காங்களா?" என்றார் ஃபிட்டரின் மனைவி.

"பொரி வேணாங்கக்கா. பேப்பரு மட்டும்."

"அடப்பாவமே. பேப்பருக்குமா பஞ்சம்?"

டிரைவர் வீட்டில் குழந்தை கப்பல் செய்து தொட்டியில் விட்டிருந்தது. ஈரமாக எடுத்து வந்து, உள்ளங்கையில் விரித்து, ஊதி ஊதிக் காயவைத்தேன். எடை மேடைக்காரர் வீட்டில் முறுக்கு எண்ணெய் வடியக் கீழே போட்டிருந்தார்கள். எண்ணெய் பட்டதில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மனதுக்குள் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். முப்பத்தொன்பது துண்டுகள் சேர்ந்தன. ஒட்டிப் பார்த்தபோது நடுவில் ஒரு துண்டு இல்லை. இருபத்தாறு பேர். மேலும் கீழும் இருந்த வரிகளை வைத்துப் பார்த்தால், எல்லோரும் பாப்பாரப்பட்டிப் பக்கம், ஒரே வாரத்தில் நட்டவர்கள்.

அந்தத் துண்டு, வயல்களைச் சுற்றிப் பார்த்துவரும் ஒரு ஃபீல்டுமேனோடு பொம்மிடிக்குப் போயிருந்தது. மாமியார் வீடு. பஸ் பிடித்துப் போனேன். அவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, ஆலையில் யாரோ செத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டார். பேப்பர் என்றதும் உள்ளே திரும்பிக் கேட்டார். மாமியார் வெளியே வந்து சாதாரணமாகச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு வெந்நி போட அதத்தாங்க பத்த வெச்சேன். நல்லா எரிஞ்சுது."

ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் வண்டி ஒன்று வந்து நின்றது. ஏறிவிடலாம் என்று தோன்றியது. எங்காவது போய், யாருக்கும் தெரியாத ஊரில் கடுதாசி எழுதிக் கொடுத்துப் பிழைக்கலாம். எழுந்து இரண்டு அடி வைத்தேன். டிக்கெட் எடுக்கவில்லையே, பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாகிவிட்டது. ஆயிரம் பேர் பட்டியலை அழித்தவன் டிக்கெட் இல்லாத பயணத்துக்குப் பயந்து திரும்பி உட்கார்ந்தேன். வண்டி போய்விட்டது.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். அவர் அறை வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அங்கே கழற்ற வேண்டியதில்லை.

"என்னாடா?"

சொன்னேன். நாலு விரல், நாலு வேலை, கேள்வியை எடுக்கச் சொன்னது, எல்லாவற்றையும். சந்தனத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அட்டெண்டர் அண்ணன் தண்ணீர்க் குவளையோடு நின்றது தெரிந்தது. "வெரலு தவறிடுச்சுங்க" என்று முடித்தேன்.

அதிகாரி கத்துவார் என்று தோள்களை இறுக்கி வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. மேஜைக் கண்ணாடியை வெகுநேரம் கர்ச்சீப்பால் துடைத்தார்.

"அந்த இருவத்தாறு பேரு யாருன்னு தெரியுமா?"

"பேரு தெரிஞ்சுடுச்சுங்க. அந்தப் பக்கத்து ஃபீல்டுமேன் எல்லாரையும் சொல்லிட்டாரு. யாருக்கு அப்பறம் யாருன்னுதான் தெரியலிங்க."

"நாளைக்கு நீயே அங்க போ. நீயே சொல்லு. அவங்களையே கேட்டு எழுது. திங்கக்கெழம லிஸ்ட் ஒட்டறோம். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, தப்புன்னு கை நீட்டினா, செவ்வாக்கெழம நீ வர வேணாம். புரியுதா?"

புரிந்தது. தட்டச்சு செய்யாமலே புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பம்ப்செட் கொட்டகைக்கு முன்னால் அவர்கள் கூடினார்கள். அந்த ஒரு ஏக்கர் அம்மா மட்டும் அரூரில் சாவு என்று போயிருந்தார். நான் நின்றபடி, "லிஸ்ட்டு போயிடுச்சுங்க. என் கைத்தப்பு" என்றேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அடிக்கத்தான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மோட்டாரை நிறுத்தப் போனார்.

"ஏம்ப்பா, அவ்வளவு பெரிய மிஷினு. ஒரு வாரத்த நெனப்புல வெச்சுக்க முடியலியா அதுக்கு?" என்றார் திரும்பி வந்து.

"நானுதாங்க அழிச்சேன்."

"பின்ன, அதுவா அழிக்கும்? அதுக்குப் பொண்டாட்டியா புள்ளயா, ஆத்திரப்பட?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நடவுக்கு வந்தது ஒரே ஜமா, ஒன்றாக வேலைக்குப் போகும் ஒரே கூலிக் கூட்டம். ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்த வயல். "என் வயல்ல முடிச்சுட்டு சாயங்காலமே வெதக் கரணைய ஒன் வயலுக்குத்தான ஏத்துனாங்க?" "ஆமா, அன்னைக்கு ஒங்க காளைக்குக் கழுத்து வீங்கிக் கெடந்துச்சு." "அதுக்கு மறுநாளு மழ, ஆளு வல்ல." ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். இரண்டு இடத்தில் சண்டை வந்து அடங்கியது. நான் மண்டியிட்டு உட்கார்ந்து எழுதினேன். இருபத்தாறு வரிகளும் கிடைத்தன. அந்த அம்மாவின் இடத்தைப் பக்கத்து வயல்காரர் சொன்னார். "அக்காவுத எனக்கு முந்தி போடு." போட்டேன். அன்று மாலையே ஆலைக்குத் திரும்பி, விடிய விடிய உட்கார்ந்து, துண்டுகளையும் இந்தக் காகிதத்தையும் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன்.

திங்கட்கிழமை பட்டியல் போர்டில் ஏறியது. கூட்டம் கூடியது. அதிகாரி தன் அறை ஜன்னலில் நின்றார். நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன், தூக்குக்கு முன்னால் நிற்பவனுக்கு என்ன மரியாதையோ அதோடு. ஒவ்வொரு விரலும் காகிதத்தின் மேல் இறங்கும்போது அந்த வரியை நானும் கூடவே படித்தேன். மத்தியானம் வரை யாரும் கை நீட்டவில்லை.

பிறகு அந்த அம்மா வந்தார், பக்கத்து வயல்காரரோடு. படிக்கத் தெரியாது. என்னை நம்பாமல் வேறு ஒருவரை விட்டுப் படிக்கச் சொன்னார். தன் வரி, அதற்கு மேல் வரி, கீழ் வரி. கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தப்பு" என்றார். சத்தமாக.

ஜன்னலில் அதிகாரியின் தலை திரும்பியது.

"அக்கா, சும்மா இரு" என்றார் பக்கத்து வயல்காரர் மெதுவாக.

"என்னத்துக்கு சும்மா இருக்கறது? ஒனக்கு நட்டு முடிச்சு மறுநாளுதான் எனக்கு வந்தாங்க. அத்தன பேருக்கும் கூழு காச்சி ஊத்தினவ நானு. எனக்குத் தெரியாதா?"

"போன வருசம் ஒனக்குக் காஞ்சு போச்சு. அதான் நானே முந்தி போடச் சொன்னேன். ஒரு நாளு தானக்கா."

"ஒரு நாளுதான். அந்த ஒரு நாளுக்கு ஒன் பொண்டாட்டி என்னை எத்தன நாளு பேசுவா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மாத்து. எம்பங்கு எனக்கு வந்தா போதும்."

அதிகாரி வெளியே வந்தார். கூட்டம் விலகியது. தப்பு என்று சொல்லியாகிவிட்டது, கையும் நீட்டியாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாத்து."

இரண்டு வரியையும் அடித்து, மாற்றி எழுதினேன். போர்டில் வைத்தே எழுதியதில் எழுத்து கோணலாக வந்தது. அந்த அம்மா இன்னொருவரைக் கூப்பிட்டு மறுபடியும் படிக்கச் சொன்னார். அவரையும் நம்பாமல் மூன்றாவது ஆள். மூன்று பேரும் ஒன்றையே சொன்ன பிறகு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிப் போனார். அதிகாரி பேனாவை வாங்கி மூடி பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் பைண்டிங் முடிந்து பதிவேடுகள் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பார்க்காமல் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். அந்த அம்மா சொன்னது சரி. ஒரு நாள் பின்னால்தான்.

பட்டியல் ஒட்டிய மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் வர வேண்டுமா வேண்டாமா என்று அதிகாரி சொல்லவே இல்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. எட்டு மணிக்குப் போய் ஆலை வாசலில் சைக்கிளோடு நின்றேன். வாட்ச்மேன், "என்னா, உள்ள போவலியா?" என்றார். போனேன். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அதிகாரி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். அவர் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. வராதே என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அந்த சீசன் முழுவதும் தினமும் எட்டு மணிக்கு அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று, யாராவது என்னைத் தடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.